ஆளவந்தார் வழக்கில் கைரேகை என்ன சொன்னது, என்ன சொல்லவில்லை

போன மாதம் ஒரு நண்பர் யூடியூப் வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தார். 'கைரேகையால் துப்பு துலங்கிய மெட்ராஸ் கொலை' என்று தலைப்பு. ஆளவந்தார் கொலை வழக்கு. இதே வழக்கைப் பற்றி எனக்கு வந்து சேர்ந்த வீடியோக்களில் இது நாலாவதோ அஞ்சாவதோ இருக்கும். பத்திரிகைத் தொடர்கள், வார இதழ் பக்கங்கள், ராண்டார் கை ஆங்கிலத்தில் எழுதியது, அதைப் பார்த்து மற்றவர்கள் தமிழில் எழுதியது என்று ஒரு குட்டி இலக்கியமே இந்த வழக்குக்கு உண்டு. நான் திருவொற்றியூர்க்காரன், பெரியம்மா வீடு பழைய வண்ணாரப்பேட்டை. செமட்ரி ரோடு பக்கம் பஸ்ஸில் போனால் யாராவது ஒருவர் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். எனவே எழுத்தாகவும் வாய்மொழியாகவும் நிறையக் கேட்டாச்சு.

இந்த மறுகூறல்கள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். 'கைரேகையால் துப்பு துலங்கியது' என்ற வாக்கியம் பாதிதான் உண்மை. விடுபட்ட மீதிப் பாதியில்தான் இந்த வழக்கே இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஆளவந்தார் மெட்ராஸ்காரர், 42 வயது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆவடியில் ராணுவ வேலை பார்த்தவர். போர் முடிந்ததும் வேலையை விட்டு வந்து, சைனா பஜார் ரோட்டில் (இப்போது நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் ரோடு) ஜெம் அண்ட் கோ என்ற பேனாக் கடையின் முன்புறம் கொஞ்சம் இடம் வாடகைக்குப் பிடித்து பிளாஸ்டிக் சாமான் விற்றார். கூடவே தவணை முறையில் புடவை வியாபாரம். 'பேனா வியாபாரி ஆளவந்தார்' என்று பாதிப் பேர் எழுதுகிறார்கள், பேனா பக்கத்துக் கடைக்காரருடையது. கடைக்கு வந்த தேவகி என்ற பெண்ணோடு 1951இல் பழக்கம் ஏற்பட்டது. பிறகு தேவகி பிரபாகர மேனன் என்பவரை மணந்துகொண்டார். தம்பதி ராயபுரம் செமட்ரி ரோட்டில் குடியிருந்தார்கள். 1952 ஆகஸ்ட் 28ஆம் தேதி வீட்டை விட்டுப் போன ஆளவந்தார் திரும்பவில்லை. எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி போகும் இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸில், நம்மவர்கள் போட் மெயில் என்று சொல்லும் அந்த ரயிலில், ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து நாற்றம் வந்தது. மானாமதுரையில் இறக்கித் திறந்தால் தலை இல்லாத ஆண் உடல். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. மேனனும் தேவகியும் பம்பாயில் பிடிபட்டார்கள். 1953இல் மெட்ராஸ் ஐகோர்ட்டில் நீதிபதி ஏ. எஸ். பஞ்சாபகேச ஐயர் முன்னால், ஜூரிகளோடு விசாரணை. மேனனுக்கு 7 ஆண்டு, தேவகிக்கு 3 ஆண்டு. இதுதான் எலும்புக்கூடு.

இனி விஷயத்துக்கு வருவோம்.

மானாமதுரையில் பெட்டியைத் திறந்தவர்களுக்கு முன்னால் இருந்த கேள்வி 'யார் கொன்றது' அல்ல, 'இது யார்' என்பது. முகம் கிடையாது. கூட வந்தவர் கிடையாது. அங்கே உடலைப் பார்த்த மருத்துவர், இறந்தவருக்குச் சுமார் 25 வயது என்றும், சுன்னத் செய்திருப்பதால் முஸ்லிமாக இருக்கலாம் என்றும் கருதினார். இரண்டுமே தப்பு. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் தடயவியல் மருத்துவப் பேராசிரியராக இருந்த டாக்டர் சி. பி. கோபாலகிருஷ்ணன் தலையையும் உடலையும் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகுதான் வயது நாற்பதைத் தாண்டியது என்று ஆனது.

மறுகூறல்கள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன, 'முதலில் தவறாகக் கணித்தார்கள்' என்று. எனக்கு இங்கே கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது. எலும்பை வைத்து வயது சொல்வது குழந்தைகளிடத்திலும் வாலிபர்களிடத்திலும்தான் சுலபம். நீள எலும்புகளின் நுனிகள் ஒவ்வொன்றாக இணைந்துகொண்டே வந்து, ஏறக்குறைய 25 வயதில் எல்லாம் முடிந்துவிடும். அதற்கப்புறம் உடல் காலண்டரைக் காட்டாது. மண்டையோட்டின் மூட்டுக் கோடுகள் மறைவதையும் இடுப்பெலும்பு சந்திக்கும் பரப்பின் தேய்மானத்தையும் பார்த்து உத்தேசமாகத்தான் சொல்ல முடியும். தலை இல்லாத, ஆகஸ்ட் வெயிலில் ஒரு ராத்திரி பெட்டிக்குள் கிடந்த உடலை வைத்துக்கொண்டு சின்ன ஊர் மருத்துவர் ஒருவர் 25 என்றால், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த இரண்டாவது ஊகம் வேறு ஜாதி. மருத்துவக் காரணங்களுக்காகவும் சுன்னத் செய்துகொள்கிறார்கள் என்பது மருத்துவருக்குத் தெரியாததா? உடலில் ஒரே ஒரு அடையாளம் தென்பட்டதும் அதை ஒரு மதமாக வாசித்துவிட்டார்கள். அதோடு நின்றிருந்தால் போலீஸ் ராமநாதபுரம் ஜில்லா முழுக்கக் காணாமல்போன முஸ்லிம் இளைஞனைத் தேடிக்கொண்டு இருந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் கைரேகை வருகிறது.

கொன்றவர்கள் தலையைத்தான் வெட்டினார்கள். கையை விட்டுவிட்டார்கள். ஆளை ஆளாகக் காட்டுவது முகம் என்று அவர்கள் நினைத்ததற்கு இது சாட்சி. நம்மில் யாரும் அப்படித்தான் நினைப்போம். ஆளவந்தாரின் கையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத ஒரு சங்கதி இருந்தது: அவர் முன்னாள் ராணுவ ஊழியர், அவர் ரேகை சர்க்கார் ஃபைலில் இருந்தது. இறந்த உடலின் விரல்களில் எடுத்த ரேகையும் ராணுவ ஆவணத்தில் இருந்த ரேகையும் ஒத்துப்போயின. மனைவி காது குத்தியிருந்ததையும் பல்லையும் பார்த்து அடையாளம் சொன்னார். அதன் மேல் இது ஒரு முத்திரை.

தொழில்நுட்பக் குறிப்பு ஒன்று. கைரேகை ஒப்பீட்டில் இரண்டு வகை உண்டு. கொலை நடந்த இடத்தில் கண்ணாடி டம்ளரிலோ கதவிலோ ஒட்டியிருக்கிற அரைகுறை ரேகையை எடுத்து, ஒருவரின் முழு ரேகையோடு ஒப்பிடுவது ஒன்று. இதில் தப்பு நடக்கும், நடந்தும் இருக்கிறது. 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் ஒரு பையில் கிடைத்த ரேகையை வைத்து, சம்பந்தமே இல்லாத அமெரிக்க வக்கீல் ஒருவரை எஃப்.பி.ஐ. பிடித்து உள்ளே வைத்தது. பிறகு ஸ்பெயின் போலீஸ் அது வேறொருவருடையது என்று காட்டியதும் மன்னிப்புக் கேட்டது. இன்னொரு வகை, மை தடவி எடுத்த ரேகையை மை தடவி எடுத்த ரேகையோடு ஒப்பிடுவது. இது எவ்வளவோ பத்திரமானது. ஆளவந்தார் வழக்கில் இருந்தது இந்த இரண்டாவது வகை. அதனால் 'இந்த உடல் ஆளவந்தாருடையது' என்ற முடிவில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது.

ஆனால் அந்த ரேகை செய்தது அவ்வளவுதான். செத்தவருக்குப் பெயர் கொடுத்தது. மேனன் பெயரை அது சொல்லவில்லை, செமட்ரி ரோட்டையும் சொல்லவில்லை. 'கைரேகையால் துப்பு துலங்கியது' என்று எழுதுகிறவர்கள் மனதில் இருக்கும் சித்திரம் கத்திப் பிடியில் கொலைகாரனின் ரேகை. இந்த வழக்கில் பேசியது கொலையுண்டவரின் கை.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் வங்காளத்துக்குப் போக வேண்டும். உலகத்திலேயே முதல் கைரேகைப் பிரிவு 1897இல் கல்கத்தாவில்தான் தொடங்கியது. ரேகைகளை 1,024 அறைகளாகப் பகுத்து அடுக்கும் முறைக்குப் பின்னால் இருந்த மூளை அஸிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு போலீஸ் அதிகாரிகள். பெயர் மட்டும் அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போய்விட்டது (அது தனிக் கதை, இன்னொரு நாள்). அடுத்த வருஷமே, 1898இல், ஜல்பாய்குரி ஜில்லாவில் ஒரு தேயிலைத் தோட்ட மேனேஜர் கழுத்து அறுபட்டுக் கிடந்தார். பெட்டி உடைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்த பொருட்களுக்கு நடுவே ஒரு வங்காளப் பஞ்சாங்கம், அதன் மேல் பழுப்பாக ரெண்டு கறை. ஒரு கறைக்குள் கட்டைவிரல் ரேகை. கல்கத்தாவில் தேடினார்கள். ஏற்கெனவே திருட்டு வழக்கில் தண்டனை பெற்று ரேகை பதிவான, அந்த மேனேஜரிடம் முன்பு வேலை பார்த்த காங்காலி சரண் என்பவரின் ரேகையோடு பொருந்தியது.

ரத்தமும் ரேகையும் ஒரே தாளில். துப்பறியும் கதைக்காரன் கேட்டு வாங்கினாலும் கிடைக்காத சாட்சியம். கோர்ட் என்ன செய்தது தெரியுமா? திருட்டுக்குத் தண்டனை கொடுத்தது, 2 வருஷம். கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ரேகை சொல்வது, அவன் ரத்தம் பட்ட கையோடு அந்தப் பெட்டியைத் துழாவினான் என்பதை. கழுத்தை அறுத்தது அவன்தான் என்பதை யாரும் பார்க்கவில்லை. இந்தத் தீர்ப்பைப் 'பழங்காலத்து நீதிபதிகளுக்கு விஞ்ஞானத்தில் நம்பிக்கை வரவில்லை' என்று கேலி பண்ணி எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சாட்சியம் எதுவரைக்கும் பேசுகிறதோ அதுவரைக்கும் மட்டும் அதைப் பேச விட்டார்கள். அதற்கு மறு வருஷமே, 1899இல், சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் விரல் ரேகையும் நிபுணர் கருத்துக்கு உரிய விஷயமாகச் சேர்க்கப்பட்டது. கருத்து என்றுதான் சட்டம் சொல்கிறது. தீர்ப்பு என்று சொல்லவில்லை.

ஒரு அசைபோடல். நம்ம ஊரில் கைநாட்டு என்றால் வசவு. எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று அர்த்தம். பேனாக் கடை வாசலில் பிழைத்த மனிதரைக் கடைசியில் அடையாளம் காட்டியது கைநாட்டு. ஊரெல்லாம் பேனா வியாபாரி என்று சொல்கிறார்களே, அந்தத் தப்பான பட்டத்தில்கூட ஏதோ ஒரு விசித்திரப் பொருத்தம்.

சரி, ரத்தக்கறை.

ராயபுரம் வீட்டில் கிடைத்த ரத்தக்கறையைப் பற்றிப் பேசும்போது வீடியோக்காரர்களுக்குக் கை கால் ஓடுவதில்லை. சுவரில் ரத்தம் தெறித்த விதத்தைப் பார்த்து கத்தி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று போலீஸ் சொல்லிவிட்டது போலப் பேசுகிறார்கள். பின்னணியில் வெளிநாட்டு சீரியல் காட்சி வேறு ஓடுகிறது. 1952 மெட்ராஸ் போலீஸுக்கு இந்த வித்தையெல்லாம் ஏது? ரத்தம் தெறிக்கும் விதத்தை வைத்துக் கோர்ட்டில் வாதாடுவது அமெரிக்காவிலேயே 1955இல் ஷெப்பர்ட் வழக்கில் பால் கிர்க் என்பவர் செய்த பிறகுதான் பேசப்பட்டது. அந்தக் கலையைப் பற்றி அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் 2009 அறிக்கை என்ன சொன்னது என்று தேடிப் படித்துப் பாருங்கள். அதில் உள்ள நிச்சயமின்மை மிகப் பெரிது என்றே சொல்கிறது.

1952இல் ஒரு கறையிடம் கேட்கக்கூடிய கேள்விகள் மூன்று. ரத்தமா? மனித ரத்தமா? எந்த குரூப்? மெட்ராஸுக்கு 1849லேயே கெமிக்கல் எக்ஸாமினர் ஆபீஸ் வந்துவிட்டது, இந்தியாவிலேயே முதல். முதல் கேள்விக்கு அங்கே பதில் கிடைக்கும். இரண்டாவது மூன்றாவது கேள்விகளுக்கு சாம்பிள் கல்கத்தாவுக்குப் போகும், சீராலஜிஸ்ட் ஆபீஸுக்கு. அந்தக் காலத்துக் கொலைத் தீர்ப்பு எதைப் புரட்டினாலும் இந்த ரெண்டு ஆபீஸும் ஜோடியாக வந்து நிற்கும்.

'மனித ரத்தமா' என்ற கேள்வி ராயபுரத்தில் சும்மா கேட்கிற கேள்வி இல்லை. காசிமேடு பக்கத்தில் இருக்கிற தெரு. எந்த வீட்டு அம்மியடியிலும் முற்றத்திலும் தினம் மீன் அரிவார்கள். வெற்றிலை எச்சில் இருக்கும். உப்புக் காற்றில் துரு இருக்கும். முதல்கட்டச் சோதனை ஒரு சாயப் பொருள் நிறம் மாறுவதை வைத்துத்தான் ரத்தம் என்று சொல்கிறது. சில காய்கறிச் சாறும் சில உலோகக் கறையும் அந்தச் சோதனையை ஏமாற்றும். மீன் ரத்தமோ உண்மையிலேயே ரத்தம்தான், ஏமாற்றுவதற்கே அவசியமில்லை. கறை புதிதாக இருந்தால் நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம். மீனின் சிவப்பணு நீள்வட்டமாக, நடுவில் உட்கரு வைத்துக்கொண்டு இருக்கும். நம்முடையது வட்டமாக, உட்கரு இல்லாமல் இருக்கும். காய்ந்து நொறுங்கிப் போனால் அதுவும் தெரியாது. அப்போது 1901இல் ஊலன்ஹூத் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த வழிதான். முயலுக்கு மனித ரத்தநீரை ஊசி போட்டு, அதன் உடலில் உருவாகும் எதிர்ப்பொருளை எடுத்துக் கறைக் கரைசலோடு சேர்ப்பார்கள். மனித ரத்தமானால் வெள்ளையாகத் திரியும்.

அதிலும் வென்றாச்சு, மனித ரத்தம் என்று வந்தாச்சு என்றே வைத்துக்கொள்வோம். யாருடையது? குரூப் பார்த்தால் ஏ, பி, ஏபி, ஓ என்று நான்கு டப்பா. மெட்ராஸில் இருந்த அத்தனை பேரும் அந்த நான்கில் ஒன்றில் அடக்கம். டி.என்.ஏ. வருவதற்கு இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. ஆக, அந்த வீட்டுக் கறையால் 'இங்கே ஒரு மனிதர் ரத்தம் சிந்தினார்' என்பதைச் சொல்ல முடியும். 'ஆளவந்தார்' என்று தனியாகச் சொல்ல முடியாது. கறையைத் தனியாகப் பார்த்தாலும் சரி, ரேகையைத் தனியாகப் பார்த்தாலும் சரி, மேனன் மேல் ஒன்றும் இல்லை.

அப்புறம் எப்படி ஆளவந்தாரும் செமட்ரி ரோடும் சேர்ந்தார்கள்? இதைத்தான் எந்த வீடியோவும் நிதானமாகச் சொல்வதில்லை. ஆட்கள் மூலமாகத்தான். புருஷன் வீட்டுக்கு வரவில்லையே என்று மறுநாளே தேடப் புறப்பட்டார் மனைவி. பேனாக் கடை உரிமையாளருக்கு அவர் யாரைப் பார்க்கப் போனார் என்று தெரிந்திருந்தது. போலீஸில் புகார் எழுதப்பட்டது. இது மட்டும் இல்லையென்றால், ராணுவ ஃபைலில் போய்த் தேடணும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? கணினி இல்லாத காலம். ரேகையை உள்ளே போட்டால் பெயர் வெளியே வந்து விழாது. முதலில் ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயருக்கு உரிய ரேகையைத் தேடி எடுத்து, 'இவரா?' என்று கேட்க வேண்டும். அந்தப் பெயரைக் கொண்டுவந்தது வீட்டில் காத்திருந்த ஒரு பெண்ணும் ஒரு கடைக்காரரும். விஞ்ஞானம் அவர்கள் கேட்ட கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் சொன்னது. அந்தப் பதில் இல்லாமல் வழக்கு இல்லை. கேள்வி இல்லாமல் பதிலும் இல்லை.

யோசித்துப் பாருங்கள், தலை கிடைத்தது ராயபுரத்தில், உடல் கிடைத்தது மானாமதுரையில். ரெண்டு ஜில்லா, ரெண்டு போலீஸ். ரெண்டையும் சேர்த்து ஒரே ஆள் என்று பார்க்கவே ஒரு கதை தேவைப்பட்டது. நாற்றம் மட்டும் வராமல் இருந்திருந்தால் அந்தப் பெட்டி தனுஷ்கோடி வரைக்கும் போயிருக்கும். அதற்கப்புறம் இருப்பது கப்பல் துறை, தலைமன்னார்.

சந்தர்ப்ப சாட்சியத்தைப் பற்றி இன்றைக்கும் எல்லாக் கோர்ட்டிலும் மேற்கோள் காட்டப்படும் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒன்று உண்டு, ஹனுமந்த் வழக்கு. 1952 செப்டம்பரில் வந்தது, ஆளவந்தார் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சங்கிலியின் எல்லாக் கண்ணியும் சேர்ந்து குற்றவாளியை மட்டுமே சுட்ட வேண்டும், வேறெந்த நியாயமான விளக்கத்துக்கும் இடம் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். கைரேகை ஒரு கண்ணி, ரத்தக்கறை ஒரு கண்ணி. சங்கிலியைக் கோத்தது மனிதர்கள்.

இனி எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் இடம்.

ஏழு வருஷம், மூணு வருஷம். அப்போதைய இந்திய தண்டனைச் சட்டப்படி கொலைக்கு 302ஆம் பிரிவில் ரெண்டே தண்டனைதான்: தூக்கு, அல்லது ஆயுள்காலத் தீவாந்தர சிட்சை. ஏழு வருஷம் என்ற எண் 302க்குள் அடங்கவே அடங்காது. அதாவது கொன்றது யார் என்பது தீர்ந்த பிறகும், எந்த மனநிலையில் கொன்றார் என்ற கேள்வி இருந்தது. திட்டம் போட்டதா, அந்த நேரத்து ஆத்திரமா? இதற்கு ரேகையும் பதில் சொல்லாது, கறையும் பதில் சொல்லாது. எண்ணம் சுவரில் ஒட்டாது. அந்த அறைக்குள் இருந்த மூன்று பேரில் ஒருவர் செத்துவிட்டார், மீதி இருவர் கூண்டில். ஆக அந்தக் கேள்விக்கு விடை, 'செத்தவர் எப்பேர்ப்பட்ட ஆள்' என்பதைச் சுற்றியே ஓட வேண்டியிருந்தது.

ஆளவந்தார் ஒழுக்கம் கெட்டவர் என்று நீதிபதி கடுமையாகப் பேசியதை இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். தவறாமல் ரசிக்கவும் செய்கிறார்கள். பஞ்சாபகேச ஐயர் நாடகமும் நாவலும் எழுதியவர், பழைய தர்மங்களில் பிடிப்புள்ளவர் என்பதையும் சேர்த்துக்கொண்டால் கதைக்கு இன்னும் ருசி. புடவைத் தவணை, பெண்கள், அபின் என்று பட்டியல் நீளும். கடைசியில் தம்பதி விடுதலையாகிக் கேரளத்துக்குப் போய் நன்றாக வாழ்ந்தார்கள் என்று மங்களம் பாடி முடிப்பார்கள். கேட்கிறவர் மனதில் தங்குவது, ஒரு கெட்டவன் செத்தான், நல்ல ஜோடி தப்பித்தது.

ஆளவந்தார் நல்லவர் என்று வாதாட நான் வரவில்லை. ஒரு பெண்ணைத் தொந்தரவு செய்த ஆள் என்பது நிஜமானால் அதன் கனமும் நிஜம்தான். தேவகி பக்கத்து நியாயத்தை 1953இல் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த மறுகூறல்கள் தேவகியின் நியாயத்தையும் பேசுவதில்லை. அவரை முதல் பாதியில் மோகினியாகவும் இரண்டாம் பாதியில் பத்தினியாகவும் காட்டிவிட்டு நகர்கின்றன. போட்டோ இருந்தால் போடுவார்கள், இல்லாவிட்டால் ஏதோ ஒரு பழைய நடிகையின் போட்டோ. அந்த அறையில் என்ன நடந்தது என்பதற்கு நமக்கு இருப்பது தப்பிக்க வேண்டிய கட்டாயத்தில் இருந்த இருவர் தரப்பு மட்டும். அதை அப்படியே நடந்த சம்பவமாகக் காட்சி போட்டுக் காட்டுகிறவர்கள், ஜல்பாய்குரி ஜட்ஜுகளிடம் ஒரு பாடம் கேட்கலாம்.

பெரியம்மாவிடம் ஒருமுறை இந்தக் கதையைச் சொல்லச் சொல்லி ரெக்கார்ட் பண்ணினேன். எல்லாரும் சொல்கிற மாதிரியேதான் சொல்லிக்கொண்டு வந்தார், பொட்டி, ரயிலு, கடலோரம் தலை. முடிக்கும்போது நான், "அந்தாளு ரொம்ப மோசமாமே பெரிம்மா" என்றேன். "மோசம்னே வெச்சுக்கோடா. அவன் பொண்டாட்டி இன்னா பாவம் பண்ணா? பொட்டிய தொறந்து காட்டி உம்புருசனா பாருன்னா அவ எப்டி பாத்திருப்பா" என்றார். நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இந்தக் கேள்வி இல்லை. காது குத்தின தழும்பும் பல்லும் அடையாளச் சாட்சியமாகத்தான் எல்லா இடத்திலும் வருகின்றன. அழுகத் தொடங்கிய ஒரு முகத்தில் அந்தப் பல்லைத் தேடிப் பார்த்தது யார் கண் என்று யாரும் நிற்பதில்லை. ரேகை பொருந்தியது என்று கேட்டபோது அந்த அம்மாவுக்கு மீதியிருந்த கடைசிச் சந்தேகமும் போயிருக்கும். 'கைரேகையின் வெற்றி' என்று நாம் தலைப்புப் போடுவது அந்த நிமிஷத்துக்கு.

அந்தக் கடற்கரையும் இப்போது அப்படி இல்லை. துறைமுகச் சுவர் தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்ததால் வடக்கே கரை அரித்துக்கொண்டே போய், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் கருங்கல்லாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். புதைத்து மூட மணல் இருந்த இடம் எதுவென்று காட்டச் சொன்னால் எனக்குத் தெரியாது.

ஆனால் செமட்ரி ரோட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது, அதன் பிணவறை இருக்கிறது. தண்டவாளத்தில் அடிபட்டவர்கள், கரை ஒதுங்கியவர்கள், எண்ணூர் பக்கம் வேலைக்கு வந்து ஊர் பேர் தெரியாமல் செத்த வெளிமாநிலத்துக்காரர்கள் என்று 'அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார்' என்ற விளம்பரம் பேப்பரில் இன்றைக்கும் வருகிறது. அந்த 'சுமார்' எவ்வளவு பெரிய சுமார் என்று மேலே பார்த்தோம். 2022இல் தேசிய அளவில் கணினிக் கைரேகைத் தொகுப்பு வந்துவிட்டது. இப்போது நிஜமாகவே ரேகையை உள்ளே போட்டால் பெயர் வெளியே வரும், ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் போலீஸ் கையில் ஒருமுறை சிக்கியவர்களின் ரேகை. எல்லாருடைய ரேகையும் ஆதாரில் இருக்கிறது, அதைத் துப்பறிய எடுத்துக் கொடுக்கச் சட்டம் அனுமதிக்காது, 29ஆம் பிரிவு தடுக்கிறது. தடுப்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். விளைவு மட்டும் விசித்திரம். ஒரு தடவை ஜேப்படி கேஸில் மாட்டியவன் செத்தால் பெயரோடு போவான். ஒரிசாவிலிருந்து வந்து கன்டெய்னர் யார்டில் மூட்டை தூக்கியவன், எந்த வம்புக்கும் போகாதவன், ரேகை இருந்தும் பெயரில்லாமல் போவான், அவனைத் தேடி யாராவது ஸ்டேஷன் வரைக்கும் வந்தாலொழிய.

அந்த பிளாஸ்டிக் வியாபாரிக்கு அப்படி வர ஒருத்தர் இருந்தார். வீடியோவை அனுப்பிய நண்பருக்கு இந்தக் கட்டுரையைத்தான் பதிலாக அனுப்பப் போகிறேன்.